எக்ஸ்டர்னல் காதில் விழாத குரல்

நம்ம ஊர் பொறியியல் கல்லூரிகளில் 'எக்ஸ்டர்னல்' என்றாலே ஒரு பயம். வேறு கல்லூரியிலிருந்து வருவார், ரெக்கார்டு நோட்டைப் புரட்டுவார், வைவாவில் நாலு கேள்வி கேட்பார், மதிப்பெண் போட்டுக் கையெழுத்து வைப்பார். அவர் சோதிப்பது மாணவரை.

பிரிட்டனில் அதே பெயரில் இருப்பவரின் வேலை வேறு. 1832-ல் உருவான டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தேர்வாளர்களை வரவழைத்ததிலிருந்து வளர்ந்த முறை அது. இன்று அங்கே வெளித்தேர்வாளர் பார்ப்பது திருத்திய ஆசிரியரைத்தான். சில தாள்களை எடுத்து, மதிப்பெண் நியாயமா, மாணவருக்குச் சொன்ன குறிப்பு அதற்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்.

அந்தக் குறிப்பு ஆடியோவாகவும் வீடியோவாகவும் மாறினால்? எழுத்தை மேலோட்டமாக மேயலாம். குரலை மேய முடியாது. மாணவருக்கு 5 நிமிடம் என்றால் 30 பேருக்கு இரண்டரை மணி நேரம். "இதெல்லாம் யார் சார் கேட்கிறது?" என்று நிர்வாகம் கேட்கும். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும்.

ஆனால் வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிற முதல் தலைமுறைப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ரெக்கார்டில் சிவப்பு மையில் 'ரீடூ' என்று ஒற்றை ஆங்கிலச் சொல். ஏன் என்கிற விளக்கம் வாட்ஸப் குரல் பதிவில், தமிழில் வருகிறது: "சர்க்யூட் சரிதாம்மா, ஆனா இந்த ரீடிங் எப்படி வந்துச்சுன்னு எழுதவே இல்லையே." கற்பித்தல் நடந்தது அந்த ஒரு வாக்கியத்தில். எக்ஸ்டர்னல் கையில் இருப்பதோ 'ரீடூ' மட்டும்.

இது இன்றைய கதை மட்டுமில்லை. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கொடை தெரிகிறது. அங்கே ஆசிரியர் மாணவரிடம் என்ன சொன்னார் என்பது தெரியாது. ஆவணத்தின் சுபாவம் அது.

மென்பொருள் வேலையில் கோட் ரிவ்யூ செய்கிறவன் நான். இறுதிக் கோடை மட்டும் படித்தால், ஏன் அப்படி எழுதினார்கள் என்று புரியாது. கீழே நடந்த விவாதத்தையும் படிக்கணும். அதனால் குரல் பதிவையும் வெளித்தேர்வாளர் கேட்கணும் என்பதே என் கட்சி.

அப்படியே எல்லாவற்றையும் திறந்துவிடவும் கூடாது. வெளியாள் கேட்பார் என்று தெரிந்தால், ஆசிரியர் மாணவரிடம் பேசாமல் எக்ஸ்டர்னலிடம் பேச ஆரம்பித்துவிடுவார். அந்த 'ம்மா' முதலில் காணாமல் போகும். தவிர, விடைத்தாளில் டம்மி நம்பர் மறைக்கிற அடையாளத்தை, பேர் சொல்லிக் கூப்பிடும் குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

எனவே, மாணவர் சம்மதித்த பதிவுகளில் மூன்று போதும்: மேலே ஒன்று, கீழே ஒன்று, தேர்ச்சிக் கோட்டில் நிற்கும் ஒன்று. அதுவும் மதிப்பெண்ணை முடிவு செய்த பிறகு. கேட்டுவிட்டு எக்ஸ்டர்னல் எழுத வேண்டியது மாணவரைப் பற்றி அல்ல, நாம் எப்படித் திருத்துகிறோம் என்பதைப் பற்றி. நம் கல்லூரிகளில் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கும் வழக்கமே இல்லை. குரல் பதிவை அனுமதிப்பதைவிடப் பெரிய மாற்றம் அதுதான்.