ஜக்கு துப்பறியாத ஊர்

சென்னைப் புத்தகக் காட்சி மேடைகளில் சில ஆண்டுகளாக ஒரு பேச்சு ஓயாமல் கேட்கிறது. தமிழ்ச் சிறார் இலக்கியத்துக்கு இது பொற்காலம் என்கிறார்கள். கூடவே, இதற்கு முன் நம்மிடம் இருந்தவை நீதிக்கதைகளும் ராஜா ராணிக் கதைகளும்தாம் என்றும் சொல்கிறார்கள். முதல் கூற்றில் பாதி உண்மை உண்டு. இரண்டாவது அப்பட்டமான தவறு. அந்தத் தவற்றை யாரும் திருத்தாததால்தான் இன்றைய பொற்காலத்தில் விழுந்திருக்கும் பெரிய ஓட்டை நம் கண்ணில் படவில்லை.

தொடக்க காலத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பாரதியின் பாப்பா பாட்டு, கவிமணியின் பாடல்கள், 1944இல் 'மலரும் உள்ளம்' தொகுதியோடு வந்த அழ. வள்ளியப்பா, 1950இல் உருவான குழந்தை எழுத்தாளர் சங்கம், பெ. தூரன் பொறுப்பில் பத்துத் தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் எல்லாம் வாசகர் அறிந்தவை. பாட்டுக்கு நம் விமரிசகர்கள் மரியாதை தந்தார்கள். உரைநடைக்கு, அதிலும் மர்மக் கதைக்கும் சாகசக் கதைக்கும், அந்த மரியாதை கிடைக்கவில்லை. துப்பறியும் கதை என்றாலே மலிவுச் சரக்கு என்ற எண்ணம் நமக்குள் ஊறிக்கிடக்கிறது. தமிழ்வாணனின் சங்கர்லாலைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்துப் படித்தவர்களே பின்னாளில் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

1950இல் கலைமகள் நிறுவனம் தொடங்கிய 'கண்ணன்' இதழின் ஆசிரியர் ஆர்வி. 'அணையாவிளக்கு', 'திரைக்குப் பின்' என்று பெரியவர்களுக்கு நாவல் எழுதிய அதே கை, சிறுவர்களுக்கு 'ஜக்கு துப்பறிகிறான்', 'அசட்டுப் பிச்சு' என்று எழுதியது. சிறுவருக்கு எழுதுவதை அவர் ஓய்வு நேர வேலையாக நினைக்கவில்லை. இன்னொன்றைக் கவனியுங்கள். அம்பை பதின்ம வயதில் எழுதிய 'நந்திமலைச் சாரலிலே' சிறுவர்களுக்கான துப்பறியும் நாவல். பரிசு பெற்று 'கண்ணன்' இதழில் வந்தது. 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' எழுதியவரின் தொடக்கம் அங்கேதான். பல பத்தாண்டுகள் கழித்து 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' தொகுப்பில் சுதா குப்தா என்னும் துப்பறிவாளரை அவர் உருவாக்கியபோது அதை ஒரு விளையாட்டு முயற்சியாகச் சிலர் பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்குள் மூடி வைத்ததை வெளியே எடுப்பதுதான் அம்பையின் எழுத்து முழுக்க நடக்கிறது. துப்பறியும் கதைக்கும் வேலை அதுவே. ஒரு சிறுவர் இதழ் அப்படியொரு எழுத்தாளருக்கு முதல் பயிற்சிக்களமாக இருந்திருக்கிறது என்றால், அந்த இதழை நீதிக்கதைப் பெட்டியில் போட்டு மூடுவது எப்படி நியாயமாகும்?

அடுத்து வாண்டுமாமா. அரிமளத்தில் 1925இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. பெரியவர்களுக்கு எழுதும்போது கௌசிகன். 1972இல் கல்கி நிறுவனத்திலிருந்து வந்த 'கோகுலம்', 1980களில் 'பூந்தளிர்' என இரண்டு இதழ்களை வளர்த்தெடுத்தவர். நூற்றுக்கு மேல் புத்தகங்கள். 2014இல் காலமானார், அவர் பிறந்து நூறு ஆண்டும் கடந்துவிட்டது. வள்ளியப்பாவைப் பற்றிப் பேசுவதில் ஒரு பங்குகூட நாம் இவரைப் பற்றிப் பேசுவதில்லை. அவருடைய தன்வரலாற்று நூலின் பெயர் 'எதிர்நீச்சல்'. பெயரே போதும், அவர் பாடு புரிந்துவிடும்.

வாண்டுமாமாவின் பலம் கட்டுக்கோப்பு. 'ஓநாய்க் கோட்டை', 'சிலையைத் தேடி' வகைக் கதைகளில் ஒவ்வொரு பக்கமும் அடுத்த பக்கத்துக்கு ஒரு கடன் வைத்துவிட்டுப் போகும். எட்டு வயதுப் பிள்ளை அந்தக் கடனை மனத்தில் சுமந்துகொண்டு அடுத்த இதழ்வரை காத்திருக்கும். காத்திருக்கும்போது அது தானாக யோசிக்கிறது: அந்த ஆள் ஏன் பொய் சொன்னான், அந்தச் சாவி யாரிடம் இருந்தது. எந்த ஆசிரியரும் நடத்தாத பாடம் இது. செல்லம் போன்ற ஓவியர்களின் கோடுகள் அந்தக் கதைகளுக்கு வெறும் அலங்காரமல்ல. எழுத்து சொல்லாமல் விட்ட தடயம் படத்தில் இருக்கும். சித்திரக்கதை என்றால் படம் போட்ட கதை என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அதே 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முல்லை தங்கராசன் பொறுப்பில் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. பிறகு லாரன்ஸ், டேவிட், ஜானி நீரோ. சரக்கு இங்கிலாந்துடையது, தமிழ் நம்முடையது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சடித்த ஊர், மலிவான தாளில், பள்ளிப் பையன் கையிலிருந்த சில்லறைக்கு உலகைக் கொடுத்தது. விலை அங்கே ஒரு கொள்கையாகவே இருந்தது. இந்தச் சொல்லை மறந்துவிட வேண்டாம், திரும்ப வருவேன்.

படப் புத்தகத்தின் கதை வேறு திசையில் போனது. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில் தாராபுரத்துக்காரரான சங்கர் வரைந்த விக்கிரமனும் வேதாளமும் மூன்று தலைமுறையின் கண்ணில் பதிந்தன. சோவியத் நாட்டிலிருந்து தடித்த தாளில் வந்த சிறுவர் நூல்களை நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் வாங்கியவர்கள் இன்னும் அந்த வாசனையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1990களில் சென்னையிலிருந்து தாரா, தூலிகா இரண்டும் கிளம்பின. தாரா கையால் அச்சிட்ட நூல்களில் கோண்டு, வார்லி ஓவியர்களுக்கு நூலாசிரியருக்குரிய இடத்தைக் கொடுத்தது. தூலிகா ஒரே படப் புத்தகத்தைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் கொண்டுவந்தது. 2015இல் பிரதம் புக்ஸ் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் கதைகளை இலவசமாகத் திறந்துவிட்டது. ஓவியத்தில் இவை தொட்ட உயரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்நூல்களில் பலவற்றின் தமிழ், ஆங்கிலத்தின் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. பாட்டி வாய்விட்டுப் படித்தால் நாக்கு தடுக்குகிறது. படப் புத்தகம் படித்துக் காட்டுவதற்கானது. ஓசை கெட்டால் பாதிப் புத்தகம் கெட்டது.

இனி இன்றைய நிலை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' எல்லாம் பால சாகித்ய புரஸ்கார் பெற்றவை, தகுதியானவையும்கூட. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பாலபாரதி எழுதியதும், பள்ளிப் பிள்ளைகளின் கையில் ஏறும் சாதிக் கயிற்றைச் சரவணன் 'கயிறு' என்று எழுதியதும் முன்னோர் செய்யத் துணியாதவை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குள் கொண்டுபோயிருக்கிறது. நல்ல காரியம். என் மனக்குறை ஒன்றுதான்: இந்த அலையில் வரும் நூல்களில் பெரும்பாலானவற்றில் கருத்து முதலில் பிறக்கிறது, கதை அதற்குச் சட்டை தைக்கிறது. சுற்றுச்சூழல் ஒரு நூல், சமத்துவம் ஒரு நூல். பிள்ளைக்கு மூன்றாம் பக்கத்திலேயே விடை தெரிந்துவிடுகிறது. கீழடிக்குப் போகும் 'ஆதனின் பொம்மை'யில் தேடல் இருக்கிறது. அதனால்தான் அது தனித்து நிற்கிறது. படப் புத்தகத்தை முடித்த எட்டு வயதுக்கும் பெரியவர்கள் நூலைத் தொடும் பதினான்கு வயதுக்கும் நடுவில் பாலமாக இருந்தது மர்மக் கதை. அம்புலிமாமா, கோகுலம், சுட்டி விகடன் மூன்றும் நின்றுபோன பிறகு அந்தப் பாலத்தில் பலகையே இல்லை.

இந்தப் பள்ளம் எங்கே ஆழம் என்று பார்க்க ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும் ஊர். ஒரகடம் பக்கம் ஒரு லைன் வீட்டுத் திண்ணையில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பள்ளியில் தந்த சிறு நூலைப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா கான்ட்ராக்ட் வேலை, நைட் ஷிப்ட் முடிந்து உள்ளே தூங்குகிறார். அம்மா ஜெனரல் ஷிப்ட். அடுத்த வீட்டில் ஒடிசாக் குடும்பம்; அந்தப் பையன் இவளிடம் படம் பார்க்க வந்து ஒட்டிக்கொள்கிறான். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "இவ்ளோதானா சார்? அப்புறம் என்ன ஆச்சு?" நல்ல புத்தகம்தான். அவளுக்கு அப்புறம் வேண்டியிருந்தது.

அந்த 'அப்புற'த்துக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் என்பது நிலவியலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அறிந்த பெயர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய இலைகள் அங்கே களிமண் பாறையில் பதிந்து கிடக்கின்றன. கார் ஆலைகளின் அஸ்திவாரம் அந்த மண்ணில்தான் இறங்கியிருக்கிறது. கல்வி கோபாலகிருஷ்ணன் தன் பறக்கும் பாப்பாவைப் பண்டை உலகுக்கே அனுப்பியவர். இந்த இலைகளைப் பார்த்திருந்தால் விட்டிருப்பாரா? ஏரிக்கரை வழியே பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, போன வருஷம் இருந்த கலங்கல் இந்த வருஷம் எங்கே என்பது ஒரு துப்பு. 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, அம்மாவின் ஐ.டி. கார்டு ஏன் அலமாரிக்குள் போனது என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கும். பெரியவர்கள் பதில் சொல்லாத கேள்வியிலிருந்துதான் மர்மக் கதை தொடங்குகிறது.

எரிக் கெஸ்ட்னர் 1929இல் 'எமிலும் துப்பறிவாளர்களும்' எழுதினார். முடிதிருத்தும் தாய் மிச்சம்பிடித்த பணத்தைப் பாட்டிக்குக் கொண்டுபோகும் பையனிடமிருந்து ரயிலில் அது திருடுபோகிறது. முன்பின் தெரியாத பெர்லின் தெருப் பிள்ளைகள் சேர்ந்து திருடனை வளைக்கிறார்கள். புதையலும் இல்லை, கோட்டையும் இல்லை. ஓர் உழைக்கும் தாயின் பணம், ஒரு தொழில்நகரம், அவ்வளவே. சத்யஜித் ரே 1965இல் 'சந்தேஷ்' இதழில் ஃபெலுதாவைத் தொடங்கியபோது வங்கத்தின் மிகப் பெரிய கலைஞர் ஒருவர் சிறுவர் துப்பறியும் கதையை மலிவென்று நினைக்கவில்லை. கொல்கத்தாப் பிள்ளைகளுக்கு அவர்கள் ஊரின் தெருக்கள் கதைத் தெருக்களாயின. நம் பிள்ளைகளுக்கு வண்டலூர்–வாலாஜாபாத் சாலை இன்னும் கன்டெய்னர் லாரி போகும் சாலை மட்டும்தான்.

கருத்து கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஒடிசாப் பையனும் ஒரகடத்துப் பெண்ணும் சேர்ந்து துப்பறிந்தால், அவர்களுக்கு நடுவே ஒரு மொழியை உருவாக்கியே ஆக வேண்டும். சமத்துவம் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதத் தேவையே வராது.

விலைக்கு வருகிறேன். தடித்த தாளில் நான்கு வண்ணத்தில் வரும் படப் புத்தகத்தை லைன் வீட்டுக் குடும்பம் வாங்காது. சிவகாசி கண்டுபிடித்த வழி இன்னும் செல்லும்: சாதாரணத் தாள், கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம், தொடர்கதை. அதற்குப் புதிதாக ஓர் அமைப்புகூட வேண்டாம். பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்றே 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இதழ்களைத் தொடங்கியது. அவற்றில் ஒரு மர்மத் தொடருக்கு நிரந்தரமாக நான்கு பக்கம் ஒதுக்கட்டும். 'கண்ணன்' செய்ததுபோல் நாவல் போட்டி வைக்கட்டும், பதினாறு வயதுக்காரர்களையும் எழுத விடட்டும். ஓவியரின் பெயரை எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவில் போடட்டும். முதல் தொடரின் களம் ஒரகடமாக இருக்கட்டும்.