ஐந்தாம் எண்ணில் ஒரு மேடு

ஆரணி என்றால் பட்டு. அரிசிக்கும் பேர்போன ஊர்தான். இங்குள்ள அரிசி ஆலைகளில் நான் நின்று ரசிப்பது கணக்கரின் வலது கையை. வாசலில் குத்தூசி மூட்டைக்குள் இறங்கி நெல் எடுக்கும் சரசரப்பு; உள்ளே டேலி கணக்கு மென்பொருள் திறந்த கணினி. ஐந்தாம் எண் விசையில் ஒரு சின்ன மேடு உண்டு. நடுவிரல் அதைத் தடவி இடம் கண்டுகொண்டால், அப்புறம் பார்வை விசைப்பலகைப் பக்கமே வராது. மூட்டை, எடை, விலை எல்லாம் கோடை மழைபோல் படபடவென விழுகின்றன.

விவசாயி சந்தேகம் கேட்டால் விரல்கள் நின்றுவிடுகின்றன. திரையை அவர் பக்கம் திருப்பி, "பாருங்கண்ணே, ஈரத்துக்குக் கழிச்சது இவ்வளவு" என்று வரி வரியாக வாசிக்கிறார் கணக்கர். வேகத்தைவிட அந்த நிதானம்தான் எனக்குப் பிடிக்கும். நெசவாளியின் விரலை மெச்சும் ஊர், இந்த விரலையும் மெச்சலாம்.