இக்பாலின் குர்துபா: புலம்பலைக் கடந்த பயணம்

அந்தலூஸ் பற்றிய பயண எழுத்துகள் நம்மிடையே பெரும்பாலும் ஒரே தொனியில் அமைந்துவிடுகின்றன. குர்துபாவின் தூண்களும் கிரனாடாவின் அரண்மனையும் வருணிக்கப்படும். 1492ஆம் ஆண்டின் வீழ்ச்சி நினைவுகூரப்படும். ஒரு பெருமூச்சோடு கட்டுரை முடியும். அத்துயரம் நியாயமானதே. ஆயினும் பூமியில் பயணித்து முன்சென்றோரின் முடிவை நோக்குமாறு அல்குர்ஆன் பணிப்பது பெருமூச்சு விடுவதற்காக அன்று, படிப்பினை பெறுவதற்காகவே. இவ்வேறுபாட்டை உணர்த்தும் படைப்பு என்ற வகையில் அல்லாமா இக்பாலின் 'மஸ்ஜிதே குர்துபா' நமது மறுவாசிப்புக்குரியது.

மூன்றாவது வட்டமேசை மாநாட்டிற்காக ஐரோப்பா சென்றிருந்த இக்பால், 1933 ஜனவரியில் ஸ்பெயினுக்குப் பயணமானார். முதலாம் அப்துர் ரஹ்மான் 785இல் கட்டத் தொடங்கி, பின்வந்த ஆட்சியாளர்கள் விரிவுபடுத்திய குர்துபாப் பள்ளிவாசல், 1236 முதல் கிறிஸ்தவப் பேராலயமாக இருந்து வருகிறது. அங்கே அவர் தொழுதார். அப்பயணத்தில் பிறந்த இக்கவிதை 1935இல் வெளிவந்த 'பாலே ஜிப்ரீல்' தொகுப்பில் இடம்பெற்றது.

இதன் முன்வரலாற்றில் தமிழகத்திற்கும் பங்குண்டு. சென்னை முஸ்லிம் சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று உருவான உரைகளை 1929இன் தொடக்கத்தில் இக்பால் சென்னையிலும் பிற நகரங்களிலும் நிகழ்த்தினார். காலத்தின் இயல்பு, சமய அனுபவம், தொழுகையின் பொருள் ஆகியவற்றை அவ்வுரைத் தொகுப்பு ஆராய்கிறது. அங்கே தத்துவமாக விளக்கப்பட்டவை குர்துபாவில் அனுபவமாக உருப்பெற்றன எனலாம்.

கவிதை பள்ளிவாசலின் வருணனையோடு தொடங்கவில்லை என்பது கருதத்தக்கது. முதலில் வருவது காலம். இரவும் பகலும் மாறிமாறி வந்து அனைத்தையும் உரைத்துப் பார்க்கின்றன. மனிதனின் படைப்புகள் யாவும் அழியக்கூடியவை என்ற முடிவுக்கு வந்த பின்னரே, இறைக்காதலால் உயிர்பெற்ற செயலுக்கு நிலைபேறு உண்டு என்ற கருத்தும், அதன் சான்றாகப் பள்ளிவாசலும் வருகின்றன. இறுதிப் பகுதியில் கவிஞர் கட்டடத்தை விட்டு ஆற்றங்கரைக்கு வருகிறார். மாலை வெயிலும் உழவர் மகளின் பாட்டும் வர, நோக்கு வருங்காலத்தை நாடுகிறது. ஒப்பாரியாக முடிந்திருக்கக்கூடிய கவிதையைக் காப்பாற்றுவது இத்திருப்பமே.

எனினும் குறைகளையும் சுட்டியாக வேண்டும். அரபுக் குதிரைவீரர்களைப் போற்றும் பகுதியில் கவிதை பழம்பெருமையின் பக்கம் சாய்கிறது. பள்ளிவாசலின் தூண்களுள் பல ரோமானிய, விசிகோதியக் கட்டடங்களிலிருந்து பெறப்பட்டவை. பிறர் விட்டுச் சென்றதை ஏற்றுப் புதுப்பொருள் தந்த அந்தப் பண்பாட்டுப் பரந்த மனம் கவிதையில் பேசப்படவில்லை. அன்றைய இத்தாலியின் எழுச்சியைப் புத்துயிர்ப்பாகக் கண்ட வரிகளை, பாசிசத்தின் விளைவுகளை அறிந்த நம்மால் இன்று அவ்வாறே ஏற்க இயலாது.

கவிதையின் காலச் சிந்தனை நெய்வேலியில் இருந்து வாசிக்கும் நமக்கு அந்நியமானதன்று. மனித வரலாற்றுக்கு மிக முந்திய காடுகள் இம்மண்ணின் அடியில் பழுப்பு நிலக்கரியாகப் புதைந்து கிடந்தன. 1956இல் நிறுவனம் அமைந்து, சுரங்கம் விரிய விரிய, தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்த சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. அந்நிலத்தின் நெருப்பே தொலைதூர இல்லங்களிலும் விளக்காக எரிகிறது. எங்கோ ஸ்பெயினில் மறைந்த நகருக்காகக் கசியும் உள்ளம், அருகில் ஊரிழந்து நிற்கும் அயலவருக்காகவும் கசிய வேண்டாமா? கசியாவிட்டால் அது படிப்பினை ஆகாது. வெறும் இனப்பெருமையே ஆகும்.

குர்துபாப் பேராலயத்தில் இன்று முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை. ஆனால் இக்பால் அங்கிருந்து கொண்டுவந்த செய்திக்கு எந்த வாயிற்காவலும் இல்லை. உள்ளத்தின் குருதி கலவாத எந்தப் பணியும் முழுமை பெறாது என்பதே கவிதையின் முடிவு. இக்கருத்தைக் கைக்கொண்டு தன் ஊரில் ஒரு நற்பணியைத் தொடங்குபவன், குர்துபாவைக் காணாமலே அதன் பொருளைக் கண்டவனாவான்.