கூற்றும் கேட்போரும்: 'கோகிலாம்பாள் கடிதங்கள்' காட்டும் கதைகூறு முறை

புதினத்தின் கதைகூறு முறையை ஆராய்வார் முதற்கண் வினவத்தக்கவை மூன்று: கூறுவார் யார்? கேட்பார் யார்? எக்காலத்து நின்று கூறுகின்றார்? இவை மேலைநாட்டார் தந்த வினாக்கள் என்பாரும் உளர். கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் என்பவற்றைத் தொல்காப்பியர் செய்யுளுறுப்புக்களாக எண்ணியிருத்தல் ஈண்டு நினையத்தக்கது. இவ்வுறுப்புக்கள் உரைநடைக்கும் அளவுகோலாதலை ஒரு நூல் கொண்டு காண்போம்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. அதற்கு நெடுநாள் முன்னரே, 1898 முதல் 1911 வரை, அங்குத் தமிழாசிரியராய் விளங்கியவர் மறைமலையடிகள். பின்னர்ப் பல்லாவரத்தில் வாழ்ந்த அவர் 1921இல் வெளியிட்ட புதினமே 'கோகிலாம்பாள் கடிதங்கள்'. ஆங்கிலத்தில் ரிச்சர்ட்சன் 1740இல் 'பமேலா'வில் ஆண்ட கடித வடிவம் இது.

காலத்தை முதலிற் கொள்வோம். 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் தலைவனே தன் கதையைக் கூறினும், நிகழ்ந்தவற்றைத் திரும்பிப் பார்த்தே கூறுகின்றான். கோகிலாம்பாளோ ஒரு கடிதம் எழுதுங்கால் அடுத்து வருவதனை அறியாள். ஆதலின் அவளது அச்சம் நினைவிற் கொணர்ந்த அச்சமன்று. எழுதும் பொழுதே நிகழும் அச்சம்.

இனிக் கேட்போர். காதலன் முன்னரே அறிந்ததனை அவள் விரித்தெழுதுமிடம் எதுவாயினும், ஆண்டு உண்மைக் கேட்போர் படிப்பவரே. ஆசிரியர் கை அங்கே வெளிப்படும். மறுதலையாக, அவன் அறிவான் என்று அவள் சொல்லாது விடுவது எச்சம். அதனை நிரப்பும் பொறுப்பு நம்முடையது.

இங்கு ஓர் இடர் உண்டு. சாதிக் கட்டுப்பாடு பற்றி அவள் மொழிவன எல்லாம் அடிகளின் கொள்கையே எனத் துணிந்து, நூலைக் கொள்கைவிளக்க ஏடாக எண்ணுதல் எளிது. இன்னார் இன்னார்க்கு இவ்விடத்து இது கூறுதல் தகும் என்று உணர்வதே முன்னம். அதன்படி, அவள் கூற்று காதலனை நோக்கிய காதலி கூற்று. அவையோர்முன் நிகழ்த்திய சொற்பொழிவன்று. அடிகளின் கருத்தை அறிய விரும்புவார், அவர் தம் பெயரால் நேரே பேசும் 'சாதி வேற்றுமையும் போலிச் சைவரும்' போன்ற நூலோடு ஒப்பிட்டு, ஒத்தவற்றை மட்டுமே கொள்ளுதல் முறை.

வடிவத்தினின்று நாம் துணியத்தக்கது வேறொன்று. வெளிப்படப் பேசற்கியலாக் காதலை ஒரு பெண்ணின் கையெழுத்தே பேசுமாறு விட்டு, ஆசிரியர் தம் குரலை விலக்கிக்கொண்டார். அவள் சொற்களினும் அவ்விலக்கமே அவர் நோக்கத்திற்கு வலிய சான்றாம்.