குட்டைக் கிராங்க் யாருக்கு?

டெங்கிலில் தொடங்கி சைபர்ஜெயா, புத்ராஜெயா என்று சுற்றிவரும் சைக்கிளோட்டிகளிடம் இப்போது கிராங்க் நீளப் பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. 172.5 மி.மீ. கிராங்கைக் கழற்றிவிட்டு 165 போடுகிறார்கள். சிலர் 160 வரை இறங்குகிறார்கள். 2024-இல் ஜிரோ தி இத்தாலியா, டூர் தி பிரான்ஸ் பந்தயங்கள் இரண்டையும் வென்ற தாதே பொகாச்சார் அந்த ஆண்டு 165 மி.மீ. கிராங்க் ஓட்டியது இந்த ஆசையை இன்னும் கிளறிவிட்டது. மாற்றம் நம்மில் பலருக்கு நல்லதுதான் என்பது என் கருத்து. ஆனால் வேகம் கூடும் என்று நம்பி வாங்குகிறவருக்கு அது ஏமாற்றத்தையே தரும்.

நீளம் என்பது கிராங்க் அச்சின் நடுவிலிருந்து பெடல் மரையின் நடுவரை உள்ள தூரம். கிராங்க் 7.5 மி.மீ. குறைந்தால் கால் கீழே எட்டுவதற்காகச் சீட்டை அதே அளவு உயர்த்த வேண்டும். அப்போது பெடல் உச்சிக்கு வரும்போது, சீட்டை வைத்துப் பார்த்தால், பாதம் 15 மி.மீ. தாழ்ந்திருக்கும். முழங்கால் அவ்வளவு மடங்காது, இடுப்பு நெருக்கப்படாது. குனிந்து ஓட்டும்போது தொடை வயிற்றில் இடிப்பவருக்கு, முழங்காலின் முன்பக்கம் வலிப்பவருக்கு, இந்த 15 மி.மீ. பெரிய விடுதலை. சீட்டை உயர்த்தாமல் கிராங்கை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

குறை எங்கே இருக்கிறது என்றால், சைக்கிள் வரும் விதத்தில். 52 அளவுச் சட்டத்துக்குப் பெரும்பாலும் 170, 54-க்கு 172.5 என்று மாட்டியே அனுப்புகிறார்கள். ஐந்தடி மூன்று அங்குலக்காரருக்கும் ஐந்தடி எட்டு அங்குலக்காரருக்கும் இடையே 5 மி.மீ. வேறுபாடு இருந்தாலே அதிகம். புத்ராஜெயா எழும்புமுன் அங்கே பிராங் பெசார் ரப்பர் தோட்டம் இருந்தது. அங்கிருந்து டெங்கில் தாமான் பெர்மாத்தாவுக்குக் குடிவந்த குடும்பங்களின் மூத்தவர்களுக்குக் காட்டர் பின் அடித்து இறுக்கிய இரும்புக் கிராங்க் பழக்கமானது. அன்றும் வந்த நீளம்தான் நீளம். இன்று ஷிமானோ 105-இலேயே 160 முதல் 175 வரை கிடைக்கிறது. அப்படியிருந்தும் வாங்க வருபவரின் கால் நீளத்தைக் கேட்கும் கடைகள் குறைவு.

வேகத்தைப் பற்றிய நம்பிக்கைக்கு 2001-லேயே பதில் வந்துவிட்டது. ஆய்வாளர்கள் ஜிம் மார்ட்டினும் ஸ்பிர்டூசோவும் 120 முதல் 220 மி.மீ. வரையிலான ஐந்து நீளங்களில் பயிற்சி பெற்ற சைக்கிளோட்டிகளைச் சோதித்தார்கள். உச்ச ஆற்றல் வேறுபாடு சுமார் 4 சதவீதம்தான். 145-க்கும் 170-க்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வித்தியாசமே இல்லை. சில விநாடி முழுமூச்சாக மிதிக்கும் சோதனை அது. நான்கு மணி நேரப் பயணத்தைப் பற்றி முழுத் தீர்ப்புச் சொல்லாது. ஆனாலும், குட்டைக் கிராங்கால் ஆற்றல் கூடும் என்பதற்கும் குறையும் என்பதற்கும் அது இடம் தரவில்லை. அதனால்தான் உடலுக்கு எது சுகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க நமக்குச் சுதந்திரம் இருக்கிறது.

விலை ஒன்று உண்டு: நெம்பு குறைகிறது. 172.5-இலிருந்து 165-க்கு வந்தால், அதே கியரில் அதே மேட்டில் பாதம் சுமார் நாலரை சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். பந்திங் பக்கத்துச் சமதளத்தில் இது தெரியவே தெரியாது. உலு லங்காட்டிலிருந்து கெந்திங் பெரஸுக்கு ஏறும்போது தெரியும். பின் கேசட்டில் 30 பல்லுக்குப் பதில் 32 இருந்தால் அந்தக் கடன் தீர்ந்துவிடும். ஆகவே நீளத்தை மட்டும் பேசிப் பல் எண்ணிக்கையை விடுவது பெரிய பிழை. 39 பல் சிறு சக்கரமும் பின்னால் 28-உம் உள்ள பழைய சைக்கிளில் செங்குத்தான மேட்டில் மணிக்கு 8 கி.மீ. போனால் நிமிடத்துக்கு 45 சுற்றுதான் மிதிக்க முடியும். முழங்காலை அரைக்கும் வேலை அது. 34-க்கு 34 என்றால் அதே வேகத்தில் 63 சுற்று. இந்த வேறுபாட்டின் முன் 7.5 மி.மீ. ஒன்றுமே இல்லை.

செகண்ட்ஹேண்ட் கிராங்க் தேடுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான ஷிமானோ அல்டெக்ரா, டூரா-ஏஸ் 11-வேகக் கிராங்குகளில், ஒட்டிச் சேர்த்த இரண்டு அலுமினிய ஓடுகள் பிரிந்துவிடும் கோளாறு இருந்தது. 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000 கிராங்குகள் பரிசோதனைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. நம் ஈரப்பதத்திலும் வியர்வையிலும் ஓடிய கிராங்கை விலை மலிவு என்று எடுக்கக்கூடாது. உள்பக்கத்து இரண்டெழுத்துத் தயாரிப்புக் குறியீட்டைப் பாருங்கள். இணைப்புக் கோட்டின்மேல் நகத்தை ஓட்டுங்கள். இடைவெளி தட்டினாலோ மிதிக்கும்போது கிரீச் சத்தம் வந்தாலோ விட்டுவிடுங்கள். அச்சின் தடிமனும் பொருந்த வேண்டும்: ஷிமானோ 24 மி.மீ., ஸ்ராம் டப் 28.99 மி.மீ. இரண்டுக்கும் பேரிங் வேறு.

உயரம் ஐந்தரை அடிக்குள் என்றால், அல்லது முழங்கால் வலித்தால், 165 எடுங்கள். கூடவே 50/34 பல்லும் பின்னால் 34-உம் இருக்கட்டும். இப்போதைய கிராங்க் வலியில்லாமல் சுற்றுகிறது என்றால் மாற்ற வேண்டாம். கிராம் கணக்கில் எடை குறைந்த கிராங்குக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல டயருக்குச் செலவழியுங்கள்.