கியூமெயிலின் உத்தரவாதமும் ஒரு பூஜ்ஜியமும்

லினக்ஸ் சர்வரில் மெயில் நடத்தியவர்களிடம் 2000-களின் தொடக்கத்தில் "எது பாதுகாப்பானது?" என்று கேட்டிருந்தால் பாதிப்பேர் கியூமெயில் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கியூமெயில் 1.0 வந்து பத்து வருஷம் ஆன பிறகு பாதுகாப்பைப் பற்றித் தனக்குத் தோன்றியதைச் சொல்கிற கட்டுரை. போன வாரம் அதை மறுபடி படித்தேன். இப்பவும் மதிப்பு குறையலை. ஆனா அதில் ஒருத்தர் இல்லவே இல்லை: சர்வரில் அதை நிறுவி ஓட்டுகிற ஆள்.

முதலில் பின்னணி. அந்தக் காலத்தில் மெயில் என்றால் சென்ட்மெயில். எரிக் ஆல்மன் எழுதியது. ஒரே பெரிய நிரல், ரூட் அதிகாரத்தோடு ஓடும். 1988 நவம்பரில் பரவிய மோரிஸ் வார்ம் உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, சென்ட்மெயிலில் திறந்து விடப்பட்டிருந்த டீபக் வசதி. அதற்கப்புறமும் வருஷா வருஷம் ஓட்டை, வருஷா வருஷம் ஒட்டு. பெர்ன்ஸ்டைன் இதைப் பார்த்து வெறுத்துப்போய், வேலையைச் சின்னச் சின்ன நிரல்களாகப் பிரித்துக் கியூமெயிலை எழுதினார். 1997 மார்ச்சில், பாதுகாப்பு ஓட்டை ஒன்றை முதலில் காட்டுகிறவருக்கு 500 டாலர் என்று அறிவித்தார். 2007 வரை அவர் யாருக்கும் கொடுக்க வேண்டி வரவில்லை. தொகையை 1000 ஆக்கினார்.

2007 கட்டுரையின் வாதம் தெளிவானது. பாதுகாப்புக்கு மூன்றே வழி: பிழைகளைக் குறை, நிரலின் அளவைக் குறை, நம்பித்தான் ஆகவேண்டிய நிரலின் அளவைக் குறை. மற்றதெல்லாம் கவனச்சிதறல். ஒவ்வொரு நிரலுக்கும் குறைந்தபட்ச அதிகாரம் மட்டும் கொடுப்பது என்ற பழைய கொள்கையையும் அவர் இந்தக் கவனச்சிதறல் பட்டியலில்தான் வைக்கிறார். அது சேதத்தைக் குறைக்கலாம், ஓட்டையை அடைக்காது என்பது அவர் கட்சி. படிக்கும்போது மறுக்கத் தோணாது. ஆனா 2020-ல் நடந்ததை வைத்துப் பார்த்தால் இது அப்படியே நிற்கவில்லை.

கதை 2005-ல் தொடங்குகிறது. ஜார்ஜி குனின்ஸ்கி என்ற ஆய்வாளர் கியூமெயிலில் சில பிழைகளைக் காட்டினார். விஷயம் சுருக்கமா இதுதான்: மெமரியில் எவ்வளவு இடம் எடுத்திருக்கிறோம் என்ற கணக்கை நிரல் 32 பிட் எண்ணில் வைத்திருக்கிறது. அந்த எண் 429 கோடிச் சொச்சம் வரைக்கும்தான் போகும். தாண்டினால் பழைய ஸ்கூட்டரின் மீட்டர் மாதிரி மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும். 64 பிட் மெஷினில், நிறைய மெமரியோடு, ராட்சத அளவில் ஒரு மெயில் வந்தால், இடம் கொஞ்சம்தான் தேவை என்று நிரல் நினைத்துக்கொள்ளும், எழுதும்போது பக்கத்து இடத்தை மிதிக்கும்.

பெர்ன்ஸ்டைன் இதை ஓட்டையாக ஏற்கவில்லை. மெயிலை வாங்குகிற எஸ்எம்டிபிடி நிரல் ஒவ்வொன்றுக்கும் யாரும் ஜிகாபைட் கணக்கில் மெமரி கொடுப்பதில்லை, அதனால் பிரச்சினையே இல்லை என்றார். 500 டாலர் கொடுக்கவில்லை.

அவர் சொன்னது அந்த ஒரு நிரலைப் பொறுத்தவரை சரி. ஆனால் அதே கணக்கிடும் பகுதியை மற்ற நிரல்களும் பயன்படுத்துகின்றன. 2020 மே மாதம் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மெயிலைப் பெறுநரின் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற லோக்கல் என்ற நிரல் வழியாக, டெபியன் தொகுப்பிலிருந்து அப்படியே நிறுவிய கியூமெயிலுக்குள் வெளியிலிருந்து நுழைந்து காட்டினார்கள். வாங்குகிற நிரலுக்கு மெமரி வரம்பு இருந்தது, சேர்க்கிற நிரலுக்கு இல்லை. பெர்ன்ஸ்டைனின் பதில், தான் எல்லாக் கியூமெயில் சேவைகளையும் மெமரி வரம்புக்குள்தான் ஓட்டுவதாகவும் மற்றவர்களும் அப்படியே செய்யலாம் என்றும் வந்தது.

இதைப் படித்த அன்னிக்கு ராத்திரி என் பழைய குறிப்புகளைத் தேடி எடுத்தேன். 2004-ல், அப்போ வேலை பார்த்த சின்ன அலுவலகத்தில் கியூமெயில் நிறுவினது நான்தான். கையேட்டில் இருந்தபடி எஸ்எம்டிபிடிக்கு மட்டும் மெமரி வரம்பு வைத்திருந்தேன். மற்றதற்கு எதுவும் இல்லை. 2009-ல் சர்வரை 64 பிட் மெஷினுக்கு மாத்தினோம், 8 ஜிபி மெமரி. கியூமெயிலை மறுபடி கம்பைல் பண்ணி அப்படியே போட்டேன். நிரலில் ஒரு வரி மாறலை, கான்ஃபிகரேஷனில் ஒரு எழுத்து மாறலை. மெஷின் மாறினதிலேயே அந்தப் பிழைக்கு வழி திறந்துவிட்டது. 2013-ல் அந்த சர்வரை அணைக்கிற வரைக்கும் நாலு வருஷம், அத்தனை பேருடைய மெயிலும் அதில்தான். எனக்குத் தெரிந்து யாரும் நுழையலை. அதுக்கு நான் பொறுப்பில்லை, அதிர்ஷ்டம்.

"அட்மின் ஒழுங்கா வரம்பு வெச்சிருக்கணும், கியூமெயில் என்ன செய்யும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா இதையும் பாருங்க. வரம்பு வைக்கிற சாஃப்ட்லிமிட் கருவி கியூமெயில் தொகுப்பிலேயே கிடையாது, டீமன்டூல்ஸ் என்ற வேறொரு தொகுப்பில் இருக்கிறது. அதிகபட்சம் எவ்வளவு பெரிய மெயிலை வாங்கலாம் என்று சொல்ல கியூமெயிலில் டேட்டாபைட்ஸ் என்ற அமைப்பு உண்டு. அதன் டீஃபால்ட் மதிப்பு பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்றால் வரம்பே இல்லை என்று அர்த்தம். மெமரி குறைவாகத்தான் இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் உத்தரவாதம் கொடுத்தவர், அந்த அனுமானத்தைக் காப்பாற்றும் எண்ணை நிரலுக்குள் வைக்கவில்லை. அதை என்னை மாதிரி ஆளின் கையில் விட்டுவிட்டார்.

1998 டிசம்பரில் வீட்ஸே வெனமா ஐபிஎம்மில் இருந்தபோது வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் வேலையைப் பிரித்துக்கொண்ட சின்ன நிரல்கள்தான். ஆனால் ஒரு மெயிலின் அளவு 1,02,40,000 பைட்டுக்கு மேல் போகக்கூடாது, தலைப்புப் பகுதி 1,02,400 பைட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்புகள் அதில் டீஃபால்ட்டாகவே வருகின்றன. நான் மறந்தாலும் அது மறக்காது.

இதனால் போஸ்ட்ஃபிக்ஸ் ஜெயித்தது என்று முடித்துவிடவும் முடியாது. 2023 டிசம்பரில் எஸ்எம்டிபி ஸ்மக்ளிங் என்ற தாக்குதல் வெளியானது. ஒரு மெயிலுக்குள் இன்னொரு மெயிலைப் பதுக்கி அனுப்புவது. வரி முடிவைத் தவறாக எழுதும் நிரல்களையும் போனால் போகட்டும் என்று ஏற்றுக்கொண்ட போஸ்ட்ஃபிக்ஸின் தாராளம்தான் அதற்கு இடம் கொடுத்தது. கியூமெயிலோ 1998-லேயே அப்படிப்பட்ட வரி வந்தால் இணைப்பையே துண்டித்துவிடும். அப்போ அதைப் பிடிவாதம் என்று திட்டியவர்கள் உண்டு. பெர்ன்ஸ்டைன் கண்டிப்பை நிரலுக்குள் வைத்த இடத்தில் அது இருபத்தைந்து வருஷம் கழித்தும் நின்றது. அட்மினிடம் விட்ட இடத்தில் விழுந்தது.

கட்டுரையின் பெரிய முரண் இனிமேல்தான். 2020 தாக்குதலில் குவாலிஸ் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது சாதாரணப் பயனர்களின் அதிகாரம். ரூட் கிடைக்கவில்லை, ஏனென்றால் கியூமெயில் எந்த மெயிலையும் ரூட்டாக இருந்து கொண்டுசேர்க்காது. 1997-ல் பெர்ன்ஸ்டைனே கட்டிய பிரிவினைதான் முழு சர்வரும் போகாமல் காத்தது. பத்து வருஷம் கழித்து கவனச்சிதறல் என்று அவர் ஒதுக்கியதும் அதே கொள்கையைத்தான். பிழையே இல்லாத நிரல் எழுத முடிந்தால் அவர் சொல்வது சரி. அவராலேயே முடியவில்லை என்றால் சேதத்தைக் குறைப்பது சின்ன விஷயமில்லை.

இப்ப என் சொந்த சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுகிறது. ஆறு மாசத்துக்கு ஒருமுறை போஸ்ட்கான்ஃப் கட்டளையை 'மைனஸ் என்' சேர்த்து ஓட்டிப் பார்க்கிறேன். டீஃபால்ட்டிலிருந்து நான் மாத்தி வெச்சது மட்டும் வரிசையா வரும். ஒவ்வொரு வரிக்கும் ஏன் மாத்தினேன் என்று பதில் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். போன தடவை ரெண்டு வரிக்குப் பதில் இல்லை. அதில் ஒண்ணு மெயில் அளவு வரம்பு. யாரோ பெரிய வீடியோ அனுப்பணும்னு கேட்டப்போ பூஜ்ஜியம் ஆக்கினது, அப்புறம் மறந்தே போச்சு. போஸ்ட்ஃபிக்ஸிலும் பூஜ்ஜியத்துக்கு அதே அர்த்தம்தான்.