தில்லியில் பனி பொழிந்த திரைப்படம்

2004ஆம் ஆண்டில் ரோலண்ட் எம்மெரிக் இயக்கி வெளிவந்த ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’ என்னும் ஆங்கிலப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். வகுப்பில் புவி வெப்பமடைதலைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படத்தைக் குறிப்பிடாத ஆண்டே இல்லை. அண்மையில் ஒரு மாணவர், “சார், பூமி சூடாகிறது என்கிறீர்கள், படத்தில் எல்லாம் உறைந்து போகிறதே! இரண்டில் ஒன்று பொய்தானே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான விடையை உங்களோடும் பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் கதை. துருவப் பனி உருகி நன்னீர் கடலில் கலக்கிறது. அதனால் வட அட்லாண்டிக் நீரோட்டம் நின்று போகிறது. மாபெரும் புயல்கள் எழுகின்றன. சில நாட்களிலேயே வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் பனியில் மூழ்குகின்றன.

இதன் தொடக்கம் கற்பனையன்று. வெப்பமண்டலத்திலிருந்து வடக்கே செல்லும் உப்புமிக்க வெந்நீர், தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் குளிர்கிறது. அடர்த்தி மிகுந்து ஆழத்தில் அமிழ்கிறது. அடியோட்டமாகத் தெற்கே திரும்புகிறது. நன்னீர் கலந்தால் உப்புத்தன்மை குறையும்; அடர்த்தி குறையும்; அமிழ்வதும் தளரும். உலகம் பொதுவாகச் சூடாகும்போதே ஐரோப்பா மட்டும் குளிரக்கூடும் என்பது இதனால் விளங்கும். ஆகவே மாணவரின் கேள்வியில் உள்ள இரண்டு செய்திகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பிழை அதன் பிறகு தொடங்குகிறது. புயலின் நடுவே உயரத்திலுள்ள கடுங்குளிர்க் காற்று தரைக்கு இறங்கி, பறக்கும் ஹெலிகாப்டர்களை உறைய வைக்கிறது. இறங்கும் காற்று வழியில் சூடாகாதா என்று படத்திலேயே ஒருவர் கேட்கிறார். மிக விரைவாக இறங்குவதால் சூடாக நேரமில்லை என்பது விடை.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் இந்த விடையை ஏற்க மாட்டார்கள். பம்பை விரைந்து அழுத்தினால் அதன் அடிப்பாகம் சுடுகிறது அல்லவா? காற்று சூடாவது வெளியிலிருந்து வெப்பம் பெறுவதால் அன்று, அழுத்தப்படுவதால். விரைவாக அழுத்தினால் வெப்பம் வெளியேறத்தான் நேரமிராது. உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் சூடாகும். 10 கி.மீ. உயரத்தில் அதன் வெப்பநிலை சுமார் மைனஸ் 50 டிகிரி எனக் கொள்வோம். தரைக்கு வரும்போது அது ஏறத்தாழ 50 டிகிரியில் இருக்கும். கதாநாயகர்கள் குளிரில் நடுங்கியிருக்க வேண்டியதில்லை. அனலில் வியர்த்திருக்க வேண்டும்!

இரண்டாவது பிழை காலம். நீரோட்டம் தளர்வது ஒரு வாரக் கதையன்று. படம் வெளிவந்த அதே 2004இல்தான் அட்லாண்டிக்கில் 26.5 டிகிரி வட அட்சரேகையை ஒட்டிக் கருவிகள் பொருத்தப்பட்டு, இந்த ஓட்டம் தொடர்ச்சியாக அளக்கப்படலாயிற்று. இந்நூற்றாண்டில் இது தளரும் என்றும், 2100க்குள் திடீரென நின்றுவிடும் வாய்ப்புக் குறைவு என்றும் ஐ.நா.வின் தட்பவெப்ப அறிவியல் குழு 2021இல் கூறியது. ஆபத்து அதைவிட அருகில் இருக்கலாம் என்னும் ஆய்வுகளும் அதன்பின் வந்துள்ளன.

மூன்றாவது, நம் நாட்டைப் பற்றியது. படத்தில் புதுதில்லியில் மாநாடு நடக்கிறது. வெளியே தெருவில் பனி பொழிகிறது. பார்ப்பவர் வியக்கிறார், சிரிக்கிறார், மறக்கிறார். உண்மையில் அந்த நீரோட்டம் நின்றால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும். ஆசியப் பருவமழை வலுவிழக்கும் என்று அதே குழு எச்சரித்துள்ளது. தில்லி அஞ்ச வேண்டியது பனிக்கு அன்று, பெய்யாத மழைக்கு. உழவரும் அணைகளும் கிணறுகளும் நம்பியிருப்பது அந்த மழையைத்தான். நம்மைத் தொடும் இச்செய்தி படத்தில் இல்லை.

உயிரினங்களின் கதையும் அப்படியே. நியூயார்க் விலங்குக் காட்சிச் சாலையிலிருந்து தப்பிய ஓநாய்களைக் காட்டி நம்மை மிரட்டுகிறார்கள். மெய்யான மாறுதல் ஓசையின்றி நடக்கிறது. கடல் ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை புதைந்த மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. மணல் சூடானால் பெண் குஞ்சுகள் மிகும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண்களே என்று 2018இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நம் சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கும் இதே விதிதான்.

படத்திற்குரிய பெருமையையும் மறைக்கலாகாது. அதைப் பார்த்தவர்களுக்கு இப்பொருளில் கவலை கூடியது என்று 2004இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. பாடநூல் எட்டாத இடத்தை அது எட்டியது. ஆனால் பொய்யால் எழுப்பிய அச்சம், அந்தப் பொய் வெளிப்பட்டதும் தணிந்துவிடும். கூடவே உண்மையின் மீதுள்ள நம்பிக்கையையும் கொண்டுபோகும். என் மாணவருக்கு நேர இருந்தது அதுதான். படத்தில் ஒரு பிழையைக் கண்டவர், பூமி சூடாவதையே பொய்யென்று தள்ள முற்பட்டார்.

ஆகவே நண்பரே, படத்தைப் பாருங்கள், தவறில்லை. பார்த்த பின் வீட்டிலுள்ள சைக்கிள் பம்பை எடுத்து ஐம்பது முறை விரைந்து அழுத்தி, அடியைத் தொட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் அறிவியல் முடிந்து சினிமா தொடங்குகிறது என்பதை உங்கள் கையே சொல்லும்.